இடப்பக்க நாடா

கைக்குட்டையைக் காணவில்லை என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

வேறெங்காவது தொலைந்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தொலைந்தது ஆஸ்பத்திரியின் துணியறையில், ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கவுன்களை மடிக்கிற மேசையில். ஏதாவது ஒரு கவுனுக்குள் அதுவும் சேர்ந்து மடிந்து, நீராவியில் வெந்து, நாளைக்கு ஒரு டாக்டரின் கையில் போய் விரிந்தால்? நினைத்த மாத்திரத்தில் சின்னவள் மேசையெல்லாம் தடவத் தொடங்கினாள்.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். இரண்டு பெண்களில் இளையவள், அதனால் சின்னவள். வயது முப்பத்தொன்று. துணியறைக்கும் அந்தப் பெயர் கூடவே வந்துவிட்டது. முதல் நாள் அவளைக் கொண்டுவந்து விட்ட அக்கா, வாசலில் நின்று, "சின்னவளே, எல்லாத்தையும் பார்த்து நடந்துக்கோ" என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே கண் தெரியாதவளைப் பார்த்து நடக்கச் சொல்கிறாளே என்று உள்ளே யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்துவிட்டு, ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்ட சத்தமும் கேட்டது. சின்னவளும் சிரித்தாள். அப்படித்தான் ரேடியோவும் அவளும் சிநேகமானார்கள்.

ரேடியோவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் கதவைத் திறக்கும்போது தொடங்கினால் மாலையில் பூட்டும்போதுதான் அவள் பேச்சு ஓயும். சின்னவளுக்குப் பக்கத்து மேசை அவளுடையது. இருவரும் மடிப்பவர்கள். ஜன்னலோரம் தையலக்கா, கிழிந்ததை ஒட்டுப்போடுவதும் அறுந்த நாடாவைத் தைப்பதும் அவர் வேலை. கதவுப் பக்கம் இஸ்திரிக்காரர். அவர் இருக்கும் இடம் சூடாக இருக்கும், அதை வைத்தே சின்னவள் கதவைக் கண்டுபிடிப்பாள். இவர்களுக்கு மேலே மேடம். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சாவிக்கொத்து வரும்.

கவுன் மடிப்பதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. உட்புறம் வெளியே வரும்படி மடிக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு வருகிற டாக்டர் தன் உடம்பில் படப்போகிற பக்கத்தை மட்டுமே தொட்டு எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு நேராக நிற்கிற பக்கத்தில் ஒரு விரல் பட்டாலும் அந்தக் கவுன் வீண், வேறு ஒன்றைப் பிரிக்க வேண்டியதுதான். சின்னவளுக்கு இதை மேடமே கற்றுக்கொடுத்தார். தையல் புடைத்திருக்கிற பக்கம் உட்புறம். விரலால் ஒரு தடவு தடவினால் தெரிந்துவிடும். கழுத்து, தோள், கை, மூன்று மடிப்பு, கடைசியில் இடுப்பு நாடாவைச் செருகி வைத்துவிட வேண்டும். ஒரே வாரத்தில் அவள் கைக்கு அது பழகிவிட்டது.

அன்றைக்கு மூன்று மணிக்கு வழக்கம்போல் தையலக்கா அவளை டீ குடிக்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்து முகத்தைத் துடைக்கத் தேடும்போதுதான் கைக்குட்டை இல்லை. சின்னவள் தன் அடுக்கை இழுத்து மடியில் வைத்து ஒவ்வொரு கவுனாக இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள்.

நான்காவது கவுனில் கை நின்றது. உள்ளே எதுவும் இல்லை. ஆனால் நாடா வலப்பக்கம் இருந்தது.

சின்னவள் இடதுகைக்காரி. நாடாவை இடப்பக்கம்தான் செருகுவாள். மாற்றிச் செருகு என்றால் அவளால் முடியாது. அடுத்ததை எடுத்தாள். இடப்பக்கம். அதற்கடுத்தது வலப்பக்கம். கைக்குட்டையை மறந்தே போனாள். முப்பது கவுனையும் தடவி முடித்தபோது பதினொன்று அவள் மடித்ததில்லை என்று தெரிந்தது. அவளுடைய அடுக்கில், அவளுடைய பெயர்ச்சீட்டுக்குக் கீழே, வேறு யாருடைய கையோ இருந்தது.

"ரேடியோக்கா, என் அடுக்கை யாராவது தொட்டீங்களா?"

ரேடியோ அப்போது தன் மாமியாரின் பல்வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பல்லின் வேர் வரைக்கும் போயிருந்த கதை அங்கேயே நின்றது.

"நான் எதுக்குத் தொடப் போறேன்?"

"நாடா வலப்பக்கம் இருக்கு."

"அவசரத்துல நீயே மாத்திச் செருகியிருப்ப."

"பதினொரு தடவையா?"

இஸ்திரிக்காரரின் பெட்டி புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு அடங்கியது. அவர் தொண்டையைக் கனைத்தார். "இவ எண்ணவும் ஆரம்பிச்சுட்டா. நான் அன்னைக்கே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க அண்ணே?"

ஜன்னலோரத்திலிருந்து தையலக்காதான் சொன்னார். "சொல்லிடு ரேடியோ. அந்தக் கழுநீர் டீயை நான் இன்னும் எத்தனை நாளைக்குக் குடிக்கிறது?"

ரேடியோ சொன்னாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. சின்னவள் வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே மூன்றுக்கு ஒன்று தலைகீழாக வந்துகொண்டிருந்தது. உட்புறம் உள்ளே, வெளிப்புறம் வெளியே. முதலில் ஒன்றிரண்டு, பிறகு பத்து பன்னிரண்டு. அதனால் தினமும் மூன்று மணிக்குத் தையலக்கா அவளை டீக்குக் கூட்டிப்போவார். அந்தக் கால் மணி நேரத்தில் ரேடியோவும் இஸ்திரிக்காரரும் தவறாக இருப்பதையெல்லாம் பிரித்து மடித்து அடுக்கிவிடுவார்கள். தியேட்டரிலிருந்து ஒரு புகார் கூட வரவில்லை.

"எதுக்குக்கா?"

"எதுக்கா? உன்னை அனுப்பிடுவாங்களேன்னுதான். உனக்கு முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தார். ஒரு காலை இழுத்து நடப்பார். வண்டி தள்ள நேரமாகுதுன்னு மேடத்துக்கிட்ட போய்ச் சொன்னதே நான்தான். என்னமோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பத்து நாள்ல அனுப்பிட்டாங்க. போகும்போது என்கிட்டத்தான் வந்து, வரேன்மான்னு சொல்லிட்டுப் போனார்." மூக்கை உறிஞ்சினாள். "அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலை. நீ வந்தப்ப, இந்தப் பொண்ணைப் பத்தி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதுன்னு முடிவு பண்ணேன்."

சின்னவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திட்டியவர்கள் மேல் கோபப்படலாம், விரட்டியவர்கள் மேல் கோபப்படலாம். தனக்காகத் தினமும் கால் மணி நேரம் டீ குடிக்காமல் நின்றவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? அவள் கேட்டது வேறொன்று.

"தையலக்கா, என்னை டீக்குக் கூப்பிட்டது இதுக்குத்தானா?"

"முதல்ல இதுக்குத்தான்" என்றார் தையலக்கா. "அப்புறம் பழக்கமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வீட்ல தனியா டீ குடிச்சா என்னமோ மாதிரி இருக்கு. பொய் சொல்லலை."

கைக்குட்டை அவள் இடுப்பிலேயே இருந்தது. டீக்குப் போகும்போது அவளேதான் செருகியிருந்தாள்.

மாலையில் வீட்டில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள். அக்காவிடம் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. கேட்டு முடித்த அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "வாயைத் திறக்காதே."

"அக்கா."

"எட்டு நாள் இருக்கு. ஆறு மாசத்துல அஞ்சு மாசம் மூணு வாரம் ஓடிப்போச்சு. அந்த மேடம் அடுத்த வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துட்டா உனக்கு நிரந்தரம். அதுக்கப்புறம் கத்துக்கோ, தப்பைத் திருத்திக்கோ, என்ன வேணாலும் பண்ணு. இந்த எட்டு நாள் மட்டும் ஊமையா இரு. எத்தனை படி ஏறி இறங்கினோம்னு உனக்கு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. முதல் வேலை ஒரு கம்பெனியில் டெலிபோன் எடுப்பது; பிறகு டெலிபோனே தன்னைத் தானே எடுத்துக்கொள்ளும்படி மெஷின் வந்துவிட்டது. இரண்டாவது ஓர் அலுவலகம். அங்கே அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி கொடுத்தார்கள், மேசை கொடுத்தார்கள், வேலை மட்டும் கொடுக்கவில்லை. ஒன்பது மாதம் நாற்காலியைச் சூடாக்கிவிட்டு வந்தாள். யாராவது பெரிய மனிதர் வந்தால் அவளைக் காட்டுவார்கள். "எங்க பொண்ணு" என்பார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். துணியறைக்கு வந்த முதல் நாள் மாலை தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தபோது, அப்பாடா, இன்றைக்கு நான் வேலை செய்திருக்கிறேன் என்று அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. அந்த வலி நிஜம். ஆனால் மடித்ததில் மூன்றில் ஒரு பங்கு நிஜமில்லை என்று இப்போது தெரிகிறது.

"அக்கா, இவங்க என்னை வெச்சுத்தான் இன்னும் ரெண்டு பேரை எடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்கறாங்க. பயிற்சி நிலையத்துல என்கூட இருந்தவங்க. ரெண்டு பேருக்குமே கண் தெரியாது."

"அதுக்குத்தான் சொல்றேன், வாயைத் திறக்காதேன்னு. அவங்க பொழப்பையும் சேர்த்துக் கெடுக்காதே."

"வந்து அவங்களும் இதே தப்பைத்தானே பண்ணுவாங்க? அவங்க பக்கத்துல ரேடியோக்கா இல்லைன்னா?"

அக்கா ஒரு கீரைத்தண்டை மடக்கென்று ஒடித்தாள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றாள். அது திட்டா, ஒப்புதலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் சின்னவள் மேசையில் உட்கார்ந்ததும் ரேடியோவிடம் கையை நீட்டினாள். "தப்பா வந்ததுல ஒண்ணு கொடுங்க. சரியா வந்ததுல ஒண்ணு கொடுங்க."

இரண்டையும் பிரித்து மடியில் போட்டுத் தடவினாள். இரண்டிலும் ஒரு பக்கம் தையல் புடைத்திருந்தது. அந்தப் பக்கம்தானே உட்புறம்?

"இதுல இல்ல" என்றாள் ரேடியோ. "இது புதுசா வந்த கவுன். இதுல தையல் வெளிப்பக்கம் தடிப்பா இருக்கு. நீ சேர்ந்த அடுத்த வாரம் இருநூறு வந்துச்சே."

"அப்ப நீங்க எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறீங்க?"

"உள்கழுத்துல நீல முத்திரை இருக்குல்ல. அதைப் பார்த்துத்தான்."

"என்ன முத்திரை?"

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தாங்கியில் வைத்தார்.

"நீல முத்திரைம்மா" என்றார் அவர், அதற்கு மேல் சொல்லத் தெரியாமல்.

பாருங்கள், ஐந்து மாதமாகத் தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்து திருத்தியவர்கள், முத்திரை என்று ஒன்று இருக்கிறது, அது உன் கைக்குத் தெரியாது என்று ஒரு நிமிஷம் செலவழித்துச் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. அவளுக்குக் கண் தெரியாததால்தான் தப்பு வருகிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஏன், எதனால் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வந்த புதிதில் சொல்லியிருந்தால், துணியின் விறைப்பை வைத்தே புதுக் கவுனை அவள் தனியாக எடுத்திருப்பாள். இத்தனை சலவைக்குப் பிறகு பழசும் புதுசும் கைக்கு ஒன்றாகிவிட்டன.

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் அழுகை மாதிரிதான் வந்தது. "எல்லாரும் சேர்ந்து என்னைக் காப்பாத்தியிருக்கீங்க" என்றாள்.

"குத்திக் காட்டு, நல்லா காட்டு" என்றாள் ரேடியோ. "எனக்கு வேணும்."

தையலக்கா எழுந்து வந்து அவள் விரலைப் பிடித்துக் கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் ஓரிடத்தில் வைத்தார். "இந்த இடத்துல நூலால ஒரு முடிச்சுப் போட்டா? மிளகு அளவுக்கு."

"தெரியும்க்கா. தொட்டதும் தெரியும்."

"நூறு, இருநூறு, எல்லாம் சேர்த்து அறுநூறு கவுன். யாருக்கும் சொல்லாம தினம் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுடலாம்" என்றார் இஸ்திரிக்காரர். "மேடம் கண்ணுல படாது. வெள்ளிக்கிழமையும் தாண்டிடும்."

நல்ல யோசனைதான். சின்னவளுக்கே ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனால் தியேட்டர் துணியில் மேடத்தைக் கேட்காமல் ஒரு நூல் கூடச் சேர்க்கக் கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம். எந்த நூல் கொதிப்பில் உருகும், எது பிசிறு விடும் என்று பார்க்காமல் ஒரு முடிச்சுப் போட்டு, அந்தப் பிசிறு ஒருவர் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிற இடத்தில் போய் விழுந்தால்? நேற்று ஒரு கைக்குட்டைக்கே முப்பது கவுனையும் தடவிப் பார்த்தவள் அவள்.

"அது வேண்டாம் அண்ணே. நான் போய்க் கேட்கறேன்."

"முடிச்சு எதுக்குன்னு அவங்க கேட்பாங்களே."

"கேட்கத்தான் கேட்பாங்க."

தையலக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். பழையதும் புதியதுமாக இரண்டு கவுனையும் மேசைமேல் வைத்தாள். ரேடியோவின் பெயரை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் பின்னாலேயே ரேடியோ வந்து, "நான்தான் மேடம் மடிச்சேன்" என்று அவள் தொடங்கும் முன்பே தொடங்கிவிட்டாள். அவளால் சும்மா இருக்க முடிந்தால்தானே.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். சாவிக்கொத்து அசையவில்லை.

"அப்ப இந்த அஞ்சு மாசமா நான் எழுதி வெச்ச குறிப்பெல்லாம் யாரைப் பத்தி?"

"பாதி என்னைப் பத்தி மேடம். மீதி இவங்களைப் பத்தி" என்றாள் சின்னவள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"உன் சிநேகிதங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"அதனாலதான் மேடம் சொல்றேன். முடிச்சு இல்லாம அவங்க வந்தா, அவங்களுக்குக் கை சரியில்லைன்னு நீங்க எழுதுவீங்க."

மேடம் கவுனைக் கையில் எடுக்கிற சத்தம் கேட்டது. துணியை விரலுக்கிடையில் வைத்துத் தேய்க்கிற சத்தம். வெகு நேரம் தேய்த்தார்.

"முத்திரை போதும்னு அந்தத் துணிக்காரங்களுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "உன்னை அந்த மேசையில உட்கார வெச்சதும் நான்தான். ரெண்டையும் சேர்த்து நான் யோசிக்கலை."

சின்னவளுக்கு மனசு குதித்தது. ஆனால் மேடம் அதற்கு மேல் இளகவில்லை. இல்லாததை இருப்பதாக எழுத மாட்டேன் என்றார். பத்துக் கவுனில் முடிச்சுப் போட்டு இருபது தடவை கொதிக்கவைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதில் போட வேண்டும். முடிச்சுப் போட்ட நாளிலிருந்து மறுபடி மூன்று மாதம் பார்ப்பார். மற்ற இருவருக்கும் அதுவரை பதில் இல்லை. "இனிமே அவ தப்பு பண்ணா அவகிட்டயே கொடுக்கணும். எத்தனைன்னு எனக்குச் சொல்லணும். உன் தப்பையும் சேர்த்துத்தான் ரேடியோ."

"என் தப்பா? நான் எங்க மேடம் தப்பு பண்றேன்?"

"பார்க்கலாம்" என்றார் மேடம்.

அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "மூணு மாசம்தானே" என்று சொல்லிச் சாப்பாட்டை வைத்தாள். பயிற்சி நிலையத்து இருவருக்கும் சின்னவளே போன் செய்து சொன்னாள். ஒருத்தி, "நல்ல வேளை சொன்னே" என்றாள். இன்னொருத்தர் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது நான்காவது காத்திருப்பு.

முதல் நூல் எட்டாவது கொதிப்பில் பிசிறு விட்டது. இரண்டாவது நூல் சுருங்கியது. மூன்றாவது நின்றது. ஒரு மாதம் தையலக்கா முடிச்சாகவே போட்டார். கனவில் கூட மிளகு மிளகாக வருகிறது என்றார். அந்த ஒரு மாதமும் சின்னவள் படுக்கை விரிப்புதான் மடித்தாள்.

பிறகு கவுன் மேசைக்குத் திரும்பினாள். முதல் நாள் மூன்று மணிக்கு ரேடியோ அவள் அடுக்கைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நின்றாள். பேச்சு நின்றது. பேச்சு நின்றாலே ஏதோ இருக்கிறதென்று அர்த்தம்.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணும் இல்ல."

"அக்கா."

ரேடியோ பெருமூச்சு விட்டாள். ஒரு கவுனை உருவி எடுத்து, கொஞ்சம் தயங்கி, சின்னவளின் மடியில் பொத்தென்று போட்டாள். "இந்தா, உன் சரக்கு. வெளிப்பக்கம் பல்லைக் காட்டிட்டு நிக்குது. எங்கே வெச்சிருந்த கவனத்தை?"

சின்னவள் கழுத்துப்பட்டியைத் தொட்டாள். முடிச்சு இருந்தது. அவசரத்தில் அவள்தான் தொடாமல் விட்டிருந்தாள். உதறி, திருப்பி, மறுபடி மடித்தாள். காது வரைக்கும் சூடேறியது. வெட்கம்தான், ஆனால் அது அவளுடைய வெட்கம். வேறு யாரும் அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. நாடாவை இடப்பக்கம் செருகினாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று சாவிக்கொத்து வந்தது, பின்னால் மேடம் வந்தார். தாளைப் பார்த்துப் படித்தார். மூன்று மாதத்தில் சின்னவளுடைய தப்பு பதினாறு. ரேடியோவுடையது பன்னிரண்டு.

"பன்னிரண்டா?" என்றாள் ரேடியோ.

"பேசிக்கிட்டே மடிச்சா அப்படித்தான். ரெண்டு பேரும் குறைச்சுக்கணும்." மேடம் மேசைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா கிறுக்குகிற அந்தச் சின்னச் சத்தத்தைச் சின்னவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். "திங்கக்கிழமை உன் ஆளுங்க ரெண்டு பேரும் வராங்க. நீங்களே சொல்லிக் கொடுங்க."

சாவிக்கொத்து தூரம் போனது. பிறகு தையலக்கா செருப்பை மாட்டினார். மணி மூன்று.

"வர்றவங்களையும் டீக்குக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டார்.

"கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள் சின்னவள், எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. "ரேடியோக்காவையும் கையோட கூட்டிட்டுப் போயிடுங்க."